எந்த ஆட்டத்தை எடுப்பது

கும்மிடிப்பூண்டி பேருந்து நிலையத்தில் ஹெலனுக்குத் தெரியாத முகம் குறைவு. ஹெலனைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பாக்கம் பேருந்திலிருந்து இறங்கிப் பூக்கடைகளைத் தாண்டி நடக்கையில், எதிரே வருகிறவர்களை மனதுக்குள் அடையாளம் கண்டுகொண்டே போவாள். இந்தச் சட்டைக்காரர் தங்கை கல்யாணத்தில் இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்து பிடிபட்டவர். இந்தப் பெண் அக்காவின் வளைகாப்பன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதவள். அந்தக் கண்ணாடிக்காரர் மணமேடையில் நின்றபடி விடாமல் காது குடைந்தவர். அத்தனையையும் வீடியோவிலிருந்து வெட்டி எறிய ஹெலனுக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. அவர்கள் யாருக்கும் அவளைத் தெரியாது. பதினான்கு வருடமாக அவர்கள் வீட்டு விசேஷங்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறாள். ஒன்றில்கூட அவள் சாப்பிட்டதில்லை.

துளசிராமனின் வீடியோ கடை பஜாரில், டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் லாரி ஏதாவது வழிதவறித் தெருவுக்குள் வந்துவிட்டால் மேசை அதிரும், மேசைமேல் இருக்கும் திரையும் அதிரும். அந்த அதிர்வில் உட்கார்ந்துகொண்டுதான் ஹெலன் ஊரார் ஆட்டி ஆட்டி எடுத்த படங்களை நிலைநிறுத்திக் கொடுத்தாள்.

அவள் அப்பா அடுத்தவர் வயலில் வரப்பு வெட்டியவர். கம்பெனிகள் வந்த பிறகு லோடு ஏற்றப் போனார். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் ஹெலன். மூன்று வருடம் ரயிலேறிப் பொன்னேரிக்குப் போய் பி.காம் முடித்தாள். படிப்புக்கேற்ற வேலை வரும்வரை என்று சொல்லிக்கொண்டு ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள். எட்டு மணி நேரமும் அங்கே நாற்காலி கிடையாது. கல்யாணம் ஆனது, முதல் பிள்ளை பிறந்தது, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. "உக்காந்து செய்யற வேலையா பாரு" என்றான் கணவன் ராபின். அப்படிப்பட்ட வேலை துளசிராமன் கடையில்தான் இருந்தது. முதலில் ஆல்பம் அட்டைக்குப் பெயர் அடித்துக் கொடுத்தாள். எடிட்டிங் பார்த்த ஆள் சென்னைக்குப் போய்விட, ஒரு முகூர்த்த வாரத்தில் வேறு வழி தெரியாமல் துளசிராமன் அந்த நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். கால் வலி போய்க் கழுத்து வலி வந்தது. இருபுறமும் கணக்கு சரியாகிவிட்டது என்று ராபின் சொல்லிச் சிரிப்பான்.

பழவேற்காட்டிலிருந்து தடா வரைக்கும் கேமராக்காரர்கள் மத்தியில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. "ஆட்டம் எடுக்கணும்னா துளசி கடை ஹெலன்கிட்ட குடு." கை நடுங்கி எடுத்தது, ஓடிக்கொண்டே எடுத்தது, பைக் பின்சீட்டில் உட்கார்ந்து எடுத்தது என்று எது வந்தாலும் பார்க்கும்படி ஆக்கிவிடுவாள். வேலை கம்ப்யூட்டருடையதுதான். படத்துக்குள் அசையாத ஏதோ ஒன்றை மென்பொருள் தேடிப் பிடிக்கும். அதை ஆணியடித்தாற்போல நிறுத்தும். மீதி எல்லாம் அதைச் சுற்றித் தானாக ஒழுங்குக்கு வரும். அது எதைப் பிடிக்கிறது, பிடித்தது சரியா என்று கண்டுபிடிக்கத்தான் ஹெலன்.

ரோசம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள் என்பது விரல்களில் தெரிந்தது. மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் செல்போனை நீட்டினாள்.

"ஹெலனுன்றது நீதானா?"

"ஆமாக்கா. உக்காருங்க."

"உக்கார்றது அப்பறம். இத்த பாரு மொதல்ல."

ஹெலன் பார்த்தாள். இருட்டு, டியூப்லைட் வெளிச்சம், பேண்டு சத்தம், நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள். அதற்குமேல் கண் நிலைக்கவில்லை. படம் வலையில் விழுந்த மீன் மாதிரி துள்ளியது.

"யாருக்கா இது?"

"எங்க ஊட்டுக்காரரு. சின்னராசு." ரோசம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தாள். "இப்ப இல்ல. போன மாசம் கம்பெனி பஸ்சுக்கு நின்னுக்கினு இருந்தாரு. உக்காந்தாரு. அவ்ளோதான், எந்திரிக்கல. வர்ற ஞாயித்துக்கெழம முப்பதாம் நாள் பூச."

சின்னராசு வார்ப்பு இரும்புப் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடம் கிரைண்டிங் பார்த்தவர். ஒரே மகள் ஜெனிபர். கம்பெனி பஸ்ஸில் பழகிய தணிகைவேலைத் தானாக முடிவு செய்து பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எட்டு மாதம் அப்பா மகளிடம் பேசவில்லை. பிறகு பங்குச் சாமியாரும் அக்கம்பக்கமும் சொல்லிச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வரவேற்பு வைத்தார்கள். ஊர்வலமும் உண்டு.

"அன்னிக்கும் அவகிட்ட ஒரு வார்த்த பேசலம்மா இவரு. வந்ததே லேட்டு. மேடையில ஏறவும் இல்ல. அதுக்கப்பறம் மூணே மாசம், பூட்டாரு. இப்ப அவ இன்னா சொல்லிக்கினு கீறா தெரியுமா? நைனா என்மேல கோவத்தோடவே செத்துப்போச்சுன்றா. சோறு எறங்கல அவளுக்கு. நான் சொல்றேன், இல்லடி, ஊர்வலத்துல உங்கப்பன் ஆடுனான்டி, என் கையால எடுத்து வச்சிக்கிறேன்டின்னு. கார்ல முன்னாடி உக்காந்துக்கினு போனவளுக்கு எப்டித் தெரியும்? செல்ல நீட்டுனா ரெண்டு செகண்டு பாத்துட்டு, தல சுத்துதும்மான்னு குடுத்துட்டா."

"அதான் சரி பண்ணணுமா?"

"பூச முடிஞ்சி ஊட்டாண்ட பெரிய ஸ்கிரீன் கட்றோம். சனமெல்லாம் பாக்கணும். அவ பாக்கணும். அந்த மன்ஷன் பொறந்ததுலேருந்து ஆடுனதே இல்ல. எங்க கல்யாணத்துலயே ஆடல. எம்பொண்ணுக்காக ஆடிக்கிறாரு. அந்த ஆட்டத்த எடுத்துக் குடும்மா."

உள்ளேயிருந்து துளசிராமன் எட்டிப் பார்த்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்மா, தெளிவா சொல்லிடு. எந்த ஆட்டத்த எடுக்கணும்? உன் கை ஆட்டத்தயா, உன் ஊட்டுக்காரரு ஆட்டத்தயா?"

"தோ பாருய்யா. அவரு ஆட்டத்துல கைய வச்ச, பூசைக்கு வந்த சனத்த மொத்தமா இட்டாந்து உன் கட படியில உக்கார வச்சிடுவேன்."

மூவரும் சிரித்தார்கள். ரோசம்மாள் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி. அவ்வளவுதான் படம். அன்று மதியமே ஹெலன் அதை ஏற்றினாள். மென்பொருள் ஒவ்வொரு சதவீதமாக ஊர்ந்து நூறைத் தொட்டது. ஓடவிட்டாள்.

சின்னராசு அசையாமல் நின்றார். தெரு ஆடியது.

வெள்ளைச் சட்டை திரையின் நடுவில் சுவரில் மாட்டிய படம் மாதிரி இருக்க, பின்னால் டியூப்லைட் தூக்கி வந்தவர்கள், பேண்டுக்காரர்கள், மாதாகோயில் மதில், எல்லாம் அவரைச் சுற்றிக் குதித்தன. துளசிராமன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஆள் மேலயே ஆணியடிச்சி வச்சிக்கிது பாரு."

இது தெரிந்த கோளாறுதான். திரையில் ஒருவரே பெரிதாக நிறைந்திருந்தால், அசையாத பொருள் இவர்தான் என்று கம்ப்யூட்டர் ஏமாந்துபோகும். மாப்பிள்ளையை நிறுத்திவிட்டு மண்டபத்தை ஆட்டிய படங்களை அவள் பார்த்திருக்கிறாள். அதற்கு வழி, ஆளை மறைத்துவிட்டு நிஜமாகவே நகராத ஒன்றைக் கையால் காட்டிக் கொடுப்பது. தெருவோரம் ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தது. அதன்மேல் மஞ்சள் நிறத்தில் மண்டையோட்டுப் பலகை. அந்தப் பலகையின் ஒரு மூலையில் புள்ளி வைத்தாள். படத்தின் அடுத்த சட்டகத்தில் மூலை எங்கே போயிருக்கிறதோ அங்கே புள்ளியை நகர்த்தினாள். அதற்கடுத்ததில் அங்கே. ஒரு வினாடிக்கு முப்பது சட்டகம். டிரான்ஸ்பார்மர் கண்ணிலிருந்து மறைந்த இடங்களில் மதிலின் விரிசல், அதுவும் போன இடத்தில் சுவரொட்டியின் கிழிந்த முனை.

செவ்வாய் போனது. புதன் போனது. நடுநடுவே ஒரு காதுகுத்தும், ஒரு கம்பெனி ஆயுத பூஜையும் முடித்துக் கொடுத்தாள். கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினால் மஞ்சள் பலகை துள்ளியது. "இன்னா இதுக்கு இவ்ளோ பேஜாரு? ஒரு பாட்டப் போட்டு ஸ்லோமோஷன்ல ஓட்டிடு" என்றார் துளசிராமன். அவள் அடுத்த புள்ளியை நகர்த்தினாள். பொழுதெல்லாம் கல்யாணக் கும்பலைத் திருத்துகிறவளுக்கு, ஒரு மனிதன் ஒரே ஒருமுறை ஆடியதைத் திருத்துவது வேறாக இருந்தது. இவருக்கு இன்னொரு முறை கிடையாது.

வியாழன் மதியம் முடித்தாள். படத்தை நிறுத்தியதில் விளிம்பு நாலா பக்கமும் கருப்பாக ஏறி இறங்கியது. வழக்கமாக அதை வெட்டிப் பெரிதாக்கிவிடுவாள். இதில் வெட்டவில்லை, வெட்டினால் சின்னராசு கையைத் தூக்கும்போது கை போய்விடும். ஓடவிட்டாள்.

டிரான்ஸ்பார்மர் நின்றது. மதில் நின்றது. தெரு, தெருவாக நின்றது. அதில் சின்னராசு நடந்து வந்தார்.

நடந்துதான் வந்தார். ஹெலன் திரும்ப ஓடவிட்டாள். ஒருமுறை கையைத் தூக்கி நெற்றி வியர்வையைத் துடைத்தார். ஒருமுறை, யாரோ ஒருவன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுக்க, கையை உருவிக்கொண்டார். மீதி நேரமெல்லாம் இரண்டு கையும் தொங்க, அளந்து வைத்த மாதிரி அடி எடுத்து வைத்தார். அவ்வளவுதான்.

முதல் நாளே கம்ப்யூட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் கிட்டத்தட்ட அசையாத ஒரே பொருள் அவர்தான்.

அப்படியானால் ஆடியது யார்? ஹெலன் பழைய படத்தைத் திறந்து, ஒலியின் கோட்டையும் அசைவின் கோட்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தாள். பெரிய டிரம்மின் அடி விழும் இடத்திலெல்லாம் படமும் ஏறி இறங்கியது. அடி பிசகவில்லை. டிரம் மெதுவானால் மெதுவாக, வேகமெடுத்தால் வேகமாக. செல்போனைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்த ரோசம்மாள், நான்கு நிமிடமும் ஆடியிருக்கிறாள். தான் ஆடுவது அவளுக்கே தெரியவில்லை. இருட்டில், அந்த ஆறங்குலத் திரையில், புருஷன் ஆடுவதாகப் பார்த்திருக்கிறாள்.

அதைவிட மோசமான ஒன்று இருந்தது. படம் நின்ற பிறகுதான் சின்னராசுவின் முகம் தெரிந்தது. தாடை இறுகியிருந்தது. மூக்கு விடைத்திருந்தது. கண்ணைச் சுருக்கி எங்கேயோ பார்த்தார். நான்கு நிமிடத்தில் மூன்று முறை அந்த முகம் வந்தது. கடைசியில், ஊர்வலத்தின் முன்னால் போன அலங்காரக் கார் எதிரே வந்து, அவரைக் கடந்து பெரிய சாலைக்குத் திரும்பும். கார் விளக்கு அவர்மேல் விழுந்து நகரும். அது நகர்ந்ததும் அவர் காரின் முதுகைப் பார்த்து வாயைப் பெரிதாகத் திறந்து ஏதோ கத்தினார். பேண்டு சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தலையை உதறிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அங்கே செல்போன் தரையைப் பார்த்துத் தாழ்ந்து, படம் முடிந்தது.

"கோவத்தோடவே செத்துப்போச்சு" என்று மகள் சொன்னதற்கு ஹெலன் இரண்டு நாள் உட்கார்ந்து சாட்சி தயாரித்திருந்தாள்.

துளசிராமனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். வாய்க்கு வந்ததை அன்று சொல்லவில்லை.

"ஆட்டத்த எடுத்தா ஆட்டமே இல்லியா?"

"இல்லண்ணா."

"நான் சும்மா தமாசுக்குக் கேட்டேன் அன்னிக்கு."

"தெரியும்ணா."

"இப்ப இன்னா பண்ணப் போற?"

ஹெலன் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினாள். தான் செய்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு, பழைய படத்தை மறுபடி எடுத்து, அதே புள்ளிகளை அதில் போட்டாள். எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பதற்கு மென்பொருளில் ஒரு அளவு உண்டு. ஐம்பதில் வைத்தால் அவர் நடந்தார். முப்பதிலும் நடந்தார். இருபதில் சந்தேகம் வந்தது. பன்னிரண்டில் படத்தின் முரட்டுக் குலுக்கல் போய், பார்க்கிறவர் தலை சுற்றாமல், டிரம்மின் அடிக்கு வெள்ளைச் சட்டை லேசாகத் துள்ளியது. பன்னிரண்டில் சின்னராசு ஆடினார். முகமும் தெரியவில்லை. கார் வருவதற்கு முன்பே வெட்டி முடித்தாள்.

பதினான்கு வருடத்தில் வேலையைக் குறைவாகச் செய்து கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை கேன்டீன் முடிந்து ரோசம்மாள் வந்தாள். திரைக்கு முன்னால் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து பார்த்தாள். ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் அவள் தோள், தானாக, டிரம்முக்குக் குலுங்க ஆரம்பித்தது. ஹெலன் வேறு பக்கம் பார்த்தாள்.

"பாத்தியா? பாத்தியா எப்டி ஆடறாரு? இத்தினி வருசம் உள்ளயே வச்சிக்கினு இருந்துக்கிறாரு பாரு கள்ளன்!"

"ஆமாக்கா."

"நீ நல்லா இருக்கணும்மா. உம் புள்ளைங்க நல்லா இருக்கணும்."

அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள ஹெலனுக்குக் கூசியது. பென்டிரைவில் நாளைக்கு ஏற்றித் தருவதாகச் சொன்னாள். "எனக்கு நாளிக்கு டியூட்டி. எம்பொண்ணு வந்து வாங்கிக்குவா" என்று சொல்லிவிட்டு ரோசம்மாள் படியிறங்கினாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஜெனிபர் வந்தாள். இருபத்தைந்து வயது. கண்ணுக்குக் கீழே கருத்து, சுடிதார் தோளில் தொளதொளத்தது. பென்டிரைவை வாங்கிப் பைக்குள் போட்டவள் கிளம்பவில்லை.

"அக்கா, ஒருவாட்டி இங்கயே போடுறீங்களா? நாளைக்கு அத்தன பேர் முன்னாடி மொத மொத பாக்க எனக்கு பயமா இருக்கு."

ஹெலன் போட்டாள். பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இது எங்க அம்மா ஆட்டம்."

ஹெலன் திரும்பினாள்.

"பொறந்ததுலேர்ந்து பாக்குறேங்க்கா. இப்டித்தான், ரெண்டு சின்ன குலுக்கு, ஒரு பெரிய குலுக்கு. கிறிஸ்மஸ் வந்தா தெருவே பாக்கும். எங்க நைனாவுக்கு ஆட வராது. அம்மா பாவம், அதுக்கு அப்டித் தெரிஞ்சிக்குது." அவள் குரலில் ஏமாற்றம் இல்லை, எதிர்பார்த்ததுதான் என்பதுபோல அலுத்துக்கொண்டாள். "ஆட்டத்த முழுசா எடுத்தா இன்னா ஆவும்? எடுத்துப் பாத்தீங்களா?"

"எடுக்க வரலமா. ரொம்ப இருட்டு."

"அம்மா சொல்லுச்சே, நீங்க எத வேணா எடுத்துடுவீங்கன்னு. ரெண்டு நாளு இதுலயே உக்காந்துருந்தீங்களாமே. கீழ டயர் கடைக்காரரு கூட சொன்னாரு."

ஹெலனுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "வேணாம்மா ஜெனிபரு. இது போதும். உங்கம்மா சந்தோசமா இருக்காங்க. நீயும் இதயே பாத்துக்கோ."

"ஏன், கோவமா கீறாரா?"

ஹெலன் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையை அணைக்கப் போனாள். ஜெனிபர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போடுங்க்கா. தெரியாம இருக்கறதுதான் என்னைத் தின்னுது. கோவம்னா கோவம். அதயும் நான்தான பாக்கணும்?"

ஹெலன் ஓரமாக வைத்திருந்ததைத் திறந்தாள். கருப்புத் திரைக்குள் படம் நாலாபுறமும் அலைய, அதற்குள் தெரு மட்டும் அசையாமல் நின்றது. சின்னராசு நடந்து வந்தார். முகம் தெரிந்தது. ஜெனிபர் வாயைப் பொத்திக்கொண்டாள். முதல்முறை தாடை இறுகியபோது ஹெலன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை இறுகியபோது அந்தப் பெண்ணின் புருவம் சுருங்கியது.

"நிறுத்துங்க. பின்னாடி போங்க கொஞ்சம்."

போனாள்.

"இன்னொருவாட்டி." பார்த்தாள். பொத்திய கைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று ஹெலன் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். ஜெனிபர் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கோவமா? எங்க நைனா கொட்டாவிய அடக்குறாருக்கா!"

"இன்னா?"

"கொட்டாவி! பூசையில சாமியாரு பிரசங்கம் வைக்க சொல்லோ பக்கத்துல உக்காந்து எத்தினி வருசம் பாத்துக்கிறேன். தாடைய இறுக்கிக்கும், மூக்கு பெருசாவும், கண்ணு சின்னதாப் போவும். அம்மா தொடையிலயே ஒண்ணு கிள்ளும்."

ஹெலன் சட்டகம் சட்டகமாக எத்தனையோ முறை பார்த்த முகம்தான். ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்ததால் கோபமாகத் தெரிந்தது. இப்போது சேர்த்து ஓட்டும்போது, தாடை மெல்ல இறுகி, மூக்கு விடைத்து, தொண்டை ஒருமுறை ஏறி இறங்கி, முகம் பழையபடி ஆனது. ஆமாம். கொட்டாவிதான்.

ஜெனிபரின் சிரிப்பு அடங்கியது. "சாவுக்கு வந்த கம்பெனி ஆளு ஒருத்தரு சொன்னாரு. அந்த ஞாயித்துக்கெழம நைனாவுக்கு லீவு குடுக்கலியாம். சனிக்கெழம நைட்டு பாத்துட்டு அப்டியே பகலும் பாத்துட்டுப் போன்னானாம் சூப்பர்வைசரு. பாத்துட்டு நேரா அங்கேர்ந்து வந்துக்கிறாரு. எனக்கு அது அப்ப மண்டையில ஏறல. லேட்டா வந்தாரு, மேடையேறல, கோவம்னு மட்டும் நெனச்சிக்கினேன்." மூக்கை உறிஞ்சினாள். "மேடையேறுனா போட்டோவுக்கு நிக்க சொல்வாங்க. நின்னா தூங்கிடுவாரு."

"கடைசியில ஒண்ணு இருக்கும்மா" என்றாள் ஹெலன். இனி மறைக்க ஒன்றுமில்லை. "உங்க கார் போனதும் ஏதோ கத்துறாரு. எனக்கு அது வசவு மாதிரி தெரிஞ்சுது."

"கத்துறதா? எங்க நைனாவா? போடுங்க."

கார் வந்தது. விளக்கு வெளிச்சம் சின்னராசுவின் காலில் ஏறி, சட்டையில் ஏறி, முகத்தில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் நிமிர்ந்து நின்றார். தாடை இறுகியிருந்தது. வெளிச்சம் நகர்ந்து போனது. கார் பெரிய சாலைக்குத் திரும்பியது. அது திரும்பியதும் அவர் வாய் அகலமாகத் திறந்தது. திறந்தபடி இருந்தது, ஒரு வினாடி, இரண்டு, மூன்று. வைகிற வாய் அவ்வளவு நேரம் திறந்தபடி இருக்காது. தலையை உதறினார். கண்ணில் வந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்தார்.

ஜெனிபரே கையை நீட்டி மவுஸைப் பிடித்து, காரைத் திரும்ப வரவழைத்தாள். கார் போனது. வாய் திறந்தது. திரும்ப வரவழைத்தாள்.

"நான் போற வரைக்கும் அடக்கிக்கினு இருந்துக்கிறாருக்கா."

"ம்."

"நான் கண்ணாடி வழியா பாத்தேன் அவர. மூஞ்சியப் பாத்துட்டு அழுதுக்கினே போனேன் தணிகை ஊட்டுக்கு."

ஹெலன் அவள் முழங்கைமேல் கை வைத்தாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டு நின்றது.

"நாளைக்கு அம்மாது ஓடட்டும்" என்றாள் ஜெனிபர். "அதுக்கு அவரு ஆடுனதாவே இருக்கட்டும். இத்த என் செல்லுல போட்டுக் குடுங்க. இந்தக் கருப்பெல்லாம் வெட்டாதீங்க, அப்டியே வேணும்."

ஹெலன் ஒயரை மாட்டினாள். ஏறுவதற்கு நேரம் பிடித்தது. திரையில் சின்னராசு வாயைத் திறந்தபடி நின்றார். அதையே பார்த்துக்கொண்டிருந்த ஜெனிபருக்கு வாய் தானாகத் திறந்தது. ஒரு மாதமாகச் சரியாகத் தூங்காதவள். கையால் மறைக்கவும் தோன்றாமல், கண் மூடி, தோள் உயர்ந்து, நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள். பார்த்த ஹெலனுக்கும் தாடைக்குக் கீழே எழும்பியது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை.

படியேறி வந்த துளசிராமன் வாசலிலேயே நின்றுவிட்டார். திரையில் ஒருவர், நாற்காலியில் இருவர்.

"இன்னாடா இது, எல்லாம் ஒரே மாரி கீறீங்க? டீ சொல்லட்டா?"

"சொல்லுங்கண்ணா" என்றாள் ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஸ்ட்ராங்கா."